டாக்டரைப் பற்றி நான்கு பக்கம்

போருக்கு முன்னால் அவர் மூன்று நாவல் எழுதியிருந்தார். அவற்றைப் படித்த எல்லாரையும் ஒரே பேருந்தில் ஏற்றினாலும் உட்கார இடம் மிச்சமிருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வயிற்றுப்பாட்டுக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். போர் மூண்டதும் படித்தவர்களையெல்லாம் பிடித்து அதிகாரிகளாக்கினார்கள். ஐந்து மாதப் பயிற்சி முடிந்து, கேப்டன் என்று தோளில் பட்டை ஏறியபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் குறிபார்க்கும் பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆபத்து. அதனால் ரயில் சந்திப்பை ஒட்டிய ஒரு நகரத்திலிருந்த சரக்குப் பிரிவுக்கு அனுப்பி, பிரிவின் தினக்குறிப்பை எழுதச் சொன்னார்கள். எத்தனை லாரி புறப்பட்டது, எத்தனை திரும்பியது, மழையா வெயிலா, யாருக்குக் காய்ச்சல். சிப்பாய்கள் அவருக்குப் பேனா கேப்டன் என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைக் கேட்டும் கேளாதவர் போல இருந்துவிட்டார்.

பிரிவு தங்கியிருந்தது மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையில். மேலாளரின் அறையைப் பேனா கேப்டனுக்கும் பிரிவின் டாக்டருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு கரி அடுப்பு, எங்கே துடைத்தாலும் மறுநாள் வந்து படியும் பஞ்சுத்தூசி. டாக்டர் பருத்த ஆள். படுத்த மறுநொடி தூங்கிவிடுவார். தன் பூட்ஸைத் தானே துடைப்பார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். அவர் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கிடங்கில் ஒரு தனி ஆள் வைத்திருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. கேப்டனுக்கு அந்தப் பஞ்சுத்தூசியால் ஓயாத இருமல். டாக்டர் ஏதோ கசப்பு மருந்து கலந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். ஒருநாள் மாலை மருந்தைக் குடித்துவிட்டுக் கேப்டன் வாய் தவறிச் சொன்னார்: தன் மனைவியின் தம்பி போருக்கு முன்பே வேலை தேடி எல்லைக்கு அந்தப் பக்கம் போனவன், இப்போது எதிரிப் படையில் இருக்கிறான். ராணுவத்தில் சேரும்போது எழுதிக் கொடுத்த தாளில் அதை அவர் மறைத்திருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? டம்ளரைக் கொடுங்க" என்றார் டாக்டர்.

குளிர்காலம் தொடங்கியபோது தொல்லையும் தொடங்கிற்று. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகும் சாலையில் லாரி அணிவகுப்பு ஒன்று தாக்கப்பட்டது. பத்து நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூன்றிலுமாகப் பதினாறு பேர் செத்தார்கள். எதிரி மலைச்சரிவில் சரியான நேரத்துக்கு வந்து காத்திருந்தான் என்றால் யாரோ நேரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னது? தொலைபேசியில் உட்காரும் சிப்பாயா? வாரத்துக்கு இரண்டு முறை வரும் சவரக்காரரா? சாப்பாட்டு மேஜையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சமையல்காரர் முப்பது வருட சர்வீஸ் உள்ளவர். அவரே, "எத்தனை பேருக்குச் சமைக்கணும்னு கேட்டாக்கூட முறைச்சுப் பார்க்கறாங்க சார், நான் என்ன உளவா பார்க்கறேன், உலைதானே வைக்கறேன்?" என்று குமுறினார்.

துப்பறியத் தலைமையகத்திலிருந்து ஒரு மேஜர் வந்தார். ரப்பர் அடி வைத்த காலணி போட்டிருந்ததால் அவர் வருவது யாருக்கும் கேட்காது. இரண்டாம் நாளே அவர் பெயர் பூனை மேஜர் ஆகிவிட்டது.

பூனை மேஜர் கேப்டனைக் கூப்பிட்டு அனுப்பினார். நூல் சுற்றும் இயந்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் ஒரு மேஜை போட்டிருந்தார்.

"உங்க ரெண்டாவது நாவலைப் படிச்சிருக்கேன்" என்றார் எடுத்த எடுப்பில்.

கேப்டன் இதை எதிர்பார்க்கவில்லை. பத்து மாதத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"மனுஷங்களைக் கூர்ந்து பார்க்கற கண்ணு உங்களுக்கு. அது எனக்கு வேணும். உங்க அறையில இருக்கற டாக்டரைக் கொஞ்சம் கவனிங்க. பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுங்க, போதும்."

"டாக்டரா? அவர் மேல சந்தேகமா?"

"எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். சந்தேகமே வேணாம்னா நல்லாப் பார்த்து அப்படியே எழுதுங்க. அவருக்கும் நல்லதுதானே?"

பேச்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுக்க ஓர் இடம் கிடைக்காமலே கேப்டன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். நிரபராதி என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தால் எந்த மனிதன் தேறுவான்? அதுவரை டாக்டர் பூட்ஸ் துடைப்பது பூட்ஸ் துடைப்பதாகத்தான் இருந்தது. இப்போது, ஏன் பிறரைத் தொடவிடுவதில்லை என்று ஒரு கேள்வி முளைத்தது. செவ்வாய்க்கிழமை மதியம் டாக்டர் கடைத்தெருவில் ஒரு கடிகாரப் பட்டறைக்குப் போனார். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் ஒரு நிமிடம் பிசகாமல் ஓடியது. அடுத்த செவ்வாயும் போனார். அதற்கடுத்ததும். கேப்டன் எதிரிலிருந்த தொப்பிக் கடையில் ஏதோ விலை விசாரிப்பது போல நின்று பார்த்தார். கடிகாரக்காரர் டாக்டரைக் கண்டதும் முன்கதவைச் சாத்தினார். கால்மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நேராகத் தபால் நிலையத்துக்குப் போனார். ராணுவத் தபால் பிரிவிலேயே இருக்கும்போது ஊர்த் தபால் நிலையத்தில் இவருக்கு என்ன வேலை?

ஒவ்வொரு அணிவகுப்புக்கு முதல் நாளும் டாக்டர் கேட்பார்: "நாளைக்கு எத்தனை வண்டி? எத்தனை மணிக்கு?" முன்பும் கேட்டவர்தான். ஒருநாள் அடுப்பில் காகிதங்களைக் கிழித்துப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். கேப்டன் உள்ளே வந்ததும், "பழைய குப்பை" என்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லையே!

ஐந்து வாரம் பார்த்தபின் கேப்டன் எழுத உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை, காலை வெளிச்சம் நல்ல வெளிச்சம், டாக்டர் ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் போயிருந்தார். ஒரு பக்கத்தில் முடிப்பதாகத்தான் நினைத்தார். ஆனால் பதினோரு மாதமாக லாரிக் கணக்கும் மழைக்கணக்கும் எழுதி மரத்துப்போயிருந்த கை, ஒரு மனிதனை எழுதக் கிடைத்ததும் விறுவிறுவென்று ஓடிற்று. சாத்தப்படும் கதவை முதலில் வைத்தார். பிசகாமல் ஓடும் கைக்கடிகாரத்தை அடுத்த பத்தியின் கடைசியில் வைத்தார். "எத்தனை மணிக்கு?" என்ற கேள்வியை மட்டும் தனி வரியாக விட்டார். எரிந்த காகிதத்தின் வாசனையை எழுதிய வாக்கியத்தை மூன்று முறை திருத்தினார். தன் பங்குக்கு ஒரு பொய்கூடச் சேர்க்கவில்லை. இவர் குற்றவாளி என்றும் எங்கும் சொல்லவில்லை. முடித்துவிட்டு நான்கு பக்கத்தையும் படித்துப் பார்த்தபோது முதுகுத்தண்டு சிலிர்த்தது. எழுத்து இன்னும் கையை விட்டுப் போகவில்லை என்ற சந்தோஷம் அது. டாக்டரைப் பற்றி அந்த நேரத்தில் அவருக்கு நினைப்பே இல்லை. இதைப் பின்னாளில் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை, ஒருவனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டாக்டரை அப்படியே எழுப்பிக் கொண்டுபோனார்கள். மீதிக் கட்டை மருத்துவ உதவியாள் சுற்றினார். அறையில் டாக்டரின் பூட்ஸ் மட்டும் பளபளவென்று நின்றது. கேப்டனுக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, எடுத்து வைக்கவும் முடியவில்லை.

பிரிவில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொன்னவர்கள் ஒரு டஜன் பேர். சமையல்காரர் மட்டும் உலை வைக்கப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் நான்காவது அணிவகுப்பு தாக்கப்பட்டது. ஏழு பேர். டாக்டர் அப்போது தலைமையகத்தில் பூட்டிய அறையில் இருந்தார்.

கேப்டன் பூனை மேஜரிடம் ஓடினார்.

"சார், உளவு சொன்னது டாக்டர் இல்லை. அவர் உள்ள இருக்கும்போதே நடந்திருக்கு. என் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"தனியா ஒருத்தன்தான் செய்யணும்னு இருக்கா? கூட்டாளி இருக்கலாம்." மேஜர் கோப்பைத் திறந்தார். "சரி, திருப்பித் தர்றேன். இதுல எந்த வரி பொய்னு மட்டும் சொல்லுங்க."

கேப்டன் நான்கு பக்கத்தையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொய் ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

மேஜர் அதே கோப்பிலிருந்து ஆறு துண்டுக் காகிதங்களை எடுத்து மேஜையில் சீட்டுப் போல விரித்தார். "இதையும் பாருங்க. ஆறு வாரமா உங்களைப் பத்தி அவர்கிட்ட எழுதி வாங்கினது. அவர்கிட்டயும் உங்ககிட்ட சொன்னதையேதான் சொன்னேன். நீங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டா எனக்கு வேலை மிச்சம்."

அந்தக் கிறுக்கல் கையெழுத்தைக் கேப்டனுக்குப் படிக்கத் தெரியும். முதல் காகிதம்: *கேப்டன் நலம். இருமல் உண்டு. வேறொன்றும் இல்லை.* இரண்டாவது: *கேப்டன் நலம். இருமல் குறையவில்லை. வேறொன்றும் இல்லை.* ஆறும் அதே. ஆறாவதில், *தூக்கம் போதவில்லை, விடுப்பு கொடுத்தால் நல்லது* என்று ஒரு வரி கூடுதல். மச்சினனைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

 அங்கிருந்து கேப்டன் எப்படி வெளியே வந்தார் என்று பிறகு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. நேராகக் கடிகாரப் பட்டறைக்குப் போனார். எதிர்க் கடையில் ஐந்து வாரம் நின்றவர் அந்தத் தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது அன்றுதான்.

கடிகாரக்காரர் சீருடையைக் கண்டதும் எழுந்து நின்றார். நடுத்தர வயது, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி. என்ன கேட்டாலும் "தெரியாதுங்க" என்றார். டாக்டரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேப்டன் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். ஐந்து கைக்கடிகாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு நூலில் கட்டியிருந்தது. சீட்டில் இருந்த பெயர்களைக் கேப்டன் தினக்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லாரும் பாலச் சாலையில் செத்தவர்கள்.

"தலைமையகத்துக்கு அனுப்பினா வீட்டுக்குப் போக வருஷக்கணக்காகுமாம், பாதி போயே சேராதாம். அதனால அவரே ஊர்த் தபால்ல அனுப்பறார். சட்டப்படி தப்புதான், கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யலாம்னார்."

"அனுப்பறது சரி. இங்க எதுக்குக் கொண்டுவர்றார்?"

"எல்லாம் நின்னுபோனதுங்க. அடிபட்ட நேரத்துலயே நிக்குது. அப்படியே அனுப்பினா வீட்ல இருக்கறவங்க அந்த முள்ளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க, ஓட வச்சுக் கொடுங்கன்னார்." கடிகாரக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சார், இதுக்காகவா பிடிச்சிருக்காங்க?"

கேப்டன் ஐந்து கடிகாரங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எரித்த காகிதம் என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அது தன் வேலை இல்லை என்று அன்றைக்குத்தான் தோன்றிற்று.

விசாரணை பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பில் நடந்தது. மூன்று அதிகாரிகள்; நடுவில் பிரிவின் தலைவரான கர்னல். ஒரு பக்கம் பூனை மேஜர். டாக்டர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார், பத்து கிலோ இளைத்திருந்தார். கேப்டன் முதலில் கடிகாரங்களை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். அதிகாரிகள் சீட்டுகளைப் புரட்டினார்கள். "இது ஒரு திரையா இருக்கலாம், பார்சலுக்குள்ள வேற என்ன போச்சோ" என்றார் மேஜர். கர்னல் தாடையைச் சொறிந்தார்.

"இன்னொரு ஆளைப் பத்தி மூணு பக்கம் எழுதிட்டு வந்திருக்கேன். படிக்கலாமா?" என்றார் கேப்டன்.

படித்தார். ஓர் அதிகாரி. நான்கு அணிவகுப்புகளின் நேரமும் அவனுடைய நோட்டில், அவன் கையெழுத்தில், முன்கூட்டியே இருக்கிறது. எல்லாரும் வேலை செய்யும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ எழுதுகிறான், ஆள் வந்தால் கையால் மறைக்கிறான். கடைத்தெருவில் ஐந்து வாரம், ஒரே கிழமை, ஒரே நேரம், தொப்பி வாங்காமல் தொப்பிக் கடையில் நின்றிருக்கிறான். அவன் மனைவியின் உடன்பிறந்த தம்பி எதிரிப் படையில் இருக்கிறான். சேரும்போது அதை மறைத்திருக்கிறான்.

மேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "யாரு இது?"

"நான்தான் சார்."

 சுவரோரமிருந்த டாக்டர், "ஐயோ, எதுக்குய்யா இப்ப..." என்று முனகினார்.

"இதுலயும் ஒரு வரி பொய் இல்ல. நான் உளவாளியும் இல்ல. எதை முன்னால வைக்கறது, எதைப் பின்னால வைக்கறதுன்னு எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அதைத்தான் டாக்டருக்கும் செஞ்சேன். இதே மாதிரி உங்களைப் பத்தியும் எழுதலாம் கர்னல் சார். அணிவகுப்புக்கு முதல் நாள் கதவைச் சாத்திக்கிட்டு ஃபோன்ல பேசறீங்க. ஞாயிற்றுக்கிழமை பாலத்து ரோட்டுல தனியா நடந்து போறீங்க..."

"போதும்" என்றார் கர்னல். அவர் காது சிவந்திருந்தது.

டாக்டர் உளவாளி இல்லை என்று எழுதி விட்டுவிட்டார்கள். செத்தவர்களின் பொருளை விதியை மீறி அனுப்பியதற்காக எங்கோ முன்னணி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு குண்டுவெடிப்பில் அவருக்கு இடது காது போயிற்று. மறைத்துச் சேர்ந்ததற்காகக் கேப்டனின் பதவியைப் பறிக்காமல், மேஜையை மட்டும் பறித்து, லாரி அணிவகுப்போடு போகும் அதிகாரியாக்கினார்கள். அவரே ஒருநாள் பாலச் சாலையில் செத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது நினைத்திருக்கலாம்.

லாரிமேல் ஏறிய முதல் வாரத்திலேயே அவருக்கு விஷயம் கண்ணில் பட்டது. மறுநாள் விடிகாலை புறப்பட வேண்டிய லாரிகளை முதல் நாள் மதியம் மூன்று மணிக்கே வெளியே ஓட்டிவந்து, டயர் பார்ப்பதற்காக ஆலையின் கிழக்குச் சுவரோரம் தெருவில் வரிசையாக நிறுத்தினார்கள். வழியில் போகிற எவனும் எண்ணலாம். மலைமேல் ஒரு தொலைநோக்கி இருந்தால் அங்கிருந்தே எண்ணலாம். இதையும் அவர்தான் ஒவ்வொரு முறையும் தினக்குறிப்பில் எழுதியிருக்கிறார்: *மதியம் மூன்று, கிழக்குச் சுவர், ஏழு லாரி.* பதினோரு மாதம் எழுதியும் படித்துப் பார்க்கவில்லை. கர்னலிடம் சொன்னார். கர்னல் அவர் முகத்தைப் பார்க்காமலே லாரிகளை முற்றத்துக்குள் நிறுத்த உத்தரவு போட்டார். அதன்பின் பதினான்கு மாதத்தில் ஒரே ஒரு தாக்குதல்தான் நடந்தது. உளவாளி என்று ஒருவனும் அகப்படவில்லை. பூனை மேஜர் பதவி உயர்ந்து போய்விட்டார்.

போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, மனைவி அரித்தெடுத்ததால், கேப்டன் டாக்டரின் விலாசத்தைத் தேடிப் பிடித்துப் போனார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன மருத்துவமனை. முன்னால் பதினோரு நோயாளிகள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனார்.

டாக்டர் ஏறிட்டுப் பார்த்தார். மேஜைமேல் திறந்திருந்த நோட்டை மூடினார். பிறகுதான், "உட்காருங்க. வலது பக்கமா உட்காருங்க, இந்தக் காதுதான் கேட்கும்" என்றார்.

கேப்டன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. இருமல்தான் வந்தது.

"இன்னும் போகலையா? சட்டையைத் தூக்குங்க." டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த நாலு பக்கத்தை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நல்லா எழுதியிருந்தீங்க. ரெண்டாவது பக்கம் வர்றதுக்குள்ள, யாரு இந்த அயோக்கியன், இவனைப் பிடிச்சு உள்ள போடுங்கய்யான்னு எனக்கே தோணிடுச்சு. மூச்சை இழுங்க."

இழுத்தார். அப்படியே கேட்டார்: "என் மச்சினன் விஷயத்தை நீங்க ஏன் எழுதலை?"

"நோயாளி சொன்னதை நான் வெளிய சொல்றதில்லை."

"நான் உங்க நோயாளி இல்லையே அப்ப."

"பக்கத்துக் கட்டில்ல இருமி இருமி உசிரை வாங்கினீங்க, நோயாளி இல்லையாம்! மூச்சை விடுங்க."

கேப்டனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று. "மன்னிச்சிடுங்க டாக்டர்."

 அது கேட்காத காதில் விழுந்ததோ என்னவோ, டாக்டர் மருந்துச் சீட்டைக் கிறுக்கி நீட்டினார். "ஒரு மாசம் சாப்பிட்டுட்டு வாங்க. சிகரெட்டை விடுங்க" என்றார். கை கொடுக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்ன சொன்னார்? சமாதானம் ஆயிட்டாரா?"

"தெரியலை. ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார்."

"அப்ப போங்க."

போனார். அதற்கடுத்த மாதமும் போனார். இருமல் நின்ற பிறகும் ஏதாவது ஒரு வலியைச் சொல்லிக்கொண்டு போனார். டாக்டரும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. வானிலை, விலைவாசி, காலில் வந்த ஆணி என்று பேசினார்கள். ஆனால் கேப்டன் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் டாக்டர் அந்த நோட்டை மூடிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கேப்டனும் அது மூடும்வரை வாசற்படியிலேயே நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.